ஒருத்தருக்கு மட்டும் டீ

சின்னவள் ஜெயித்தவற்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவளிடமே கேட்டால் "அப்படி ஒன்னும் இல்லையே" என்று தலையைச் சொறிவாள், விஷயம் அதோடு போய்விடும்.

கல்லூரியில் ஓர் இடம். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அவளுடைய உயரத்தைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறடி ஆள் ஒருத்தரைக் கட்டிலிலிருந்து உன்னால் தூக்க முடியுமா என்று நடுவில் இருந்தவர் கேட்டார். "தூக்கக் கூடாது சார், அவரையே எழுந்திரிக்க வைக்கணும்" என்றாள். இடம் கிடைத்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வேலை. வந்திருந்தவர்களில் அவள்தான் இளையவள், சிபாரிசு இல்லாதவள், வெயிலில் வரிசையில் நின்று மயக்கம் போட்டு விழுந்தவளும் அவள்தான். விழுந்தவளை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்ததால் முதல் ஆளாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது பொய். மூன்றாவது ஆளாகத்தான் கூப்பிட்டார்கள்.

ஜன்னல் உள்ள ஓர் அறை. அதற்கு முன்னால் அவளுடைய பிரிவு ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்கிய கூடத்தின் மூலையில், ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் இருந்தது.

ஆண்கள் வார்டுக் கழிப்பறையில் சுவரில் பதித்த இரண்டு கைப்பிடிகள். கேட்டது நான்கு.

உண்மையிலேயே எரிகிற ஓர் அடுப்பு. சமையல் பயிற்சிக்கென்று வைத்திருந்த பழைய அடுப்புக்குக் கேஸ் இணைப்பு இல்லை. பாதுகாப்பு அதிகாரி கொடுக்க மறுத்துவிட்டார். நோயாளிகள் எரியாத அடுப்பில் இல்லாத தண்ணீரைக் கொதிக்க வைத்து, பாவனையாக இறக்கிக் காட்டித் தேறிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் மனு மேல் மனு எழுதினாள். கடைசியில் அதிகாரியின் மாமியாருக்கே ஒரு கை விழுந்து அந்த அறைக்கு வந்து சேர்ந்தபோது, மறுநாளே இணைப்பும் வந்துவிட்டது. அதையும் ஜெயித்ததாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, ஒரு பலகை. ஆக்குபேஷனல் தெரபி என்பதைச் சுருக்கி "ஓ.டி." என்று முன்பு எழுதி வைத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு வந்தவர்கள் வெறும் வயிற்றோடு, அழுகிற சொந்தக்காரர்களோடு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சின்னவள் நடையாய் நடந்து, "அன்றாட வேலைப் பயிற்சி" என்று புதுப் பலகை வாங்கினாள். அன்றிலிருந்து வேலை தேடுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஆனால் அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

இந்த வேலை என்னதான் என்று கேட்பவர்களுக்கு அவளுடைய அக்கா, பெரியவள், ஒரு பதில் வைத்திருந்தாள். "பக்கவாதம் வந்தவருக்கு டாக்டர் உசிரைத் திருப்பிக் கொடுப்பாரு, பிசியோ நடையைக் கொடுப்பாரு, எங்க சின்னவ சட்டை பட்டனைக் கொடுப்பா." கேட்டவர்கள், பட்டன் தைக்கிற வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். பட்டன் தைப்பது பெரியவளின் வேலை.

பெரியவள் அதே ஆஸ்பத்திரியின் தையல் அறையில் இருந்தாள். தலையணை உறை, நோயாளி அங்கி, கிழிந்த திரை, எல்லாம் அவள் மிஷினுக்குத்தான் வரும். பத்தாவதோடு பள்ளியை நிறுத்தியவள். தங்கையைப் படிக்க வைக்கத் தியாகம் செய்தாள் என்று சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கணக்கு ஏறவில்லை. ஆனால் துணியைக் கையில் எடுத்தால் நூலிழை பிசகாது. அக்காவும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். பெரியவளின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் அவரும் லாரியும் வேறு எங்கேயோ இருப்பார்கள், மீதி நாள் லாரி பழுதுபார்க்கும் கடையில் இருப்பார்கள்.

சின்னவளுடைய பயிற்சிக் காலம் முடிய இன்னும் கொஞ்ச காலம் இருந்தபோது மாஸ்டர் வந்து சேர்ந்தார்.

மாஸ்டர் என்றால் சமையல் மாஸ்டர். ஒரு பெரிய தொழிற்சாலையின் மெஸ்ஸில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தார், தெருமுனைக் கடையில் சாப்பிட்டுக்கொண்டார். ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது கையும் காலும் எழுந்திருக்கவில்லை. வார்டில் கொஞ்ச நாள் கிடந்த பிறகு கால் தடியோடு நடக்கும் அளவுக்கு வந்தது. கை, கூடவே வரும், வேலை செய்யாது.

தொலைவில் வேலை பார்க்கும் மகன் விடுப்பு எடுத்து வந்திருந்தார். விடுப்பு அந்த வாரத்தோடு முடிகிறது. அப்பா தனியாக வீட்டில் இருக்கலாம் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தால் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். இல்லாவிட்டால் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருந்தார்.

"நல்ல எடம்பா. கட்டில் இருக்கு, டி.வி. இருக்கு, டாக்டர் வாராவாரம் வர்றாரு."

"சமையல் யாரு?" என்றார் மாஸ்டர்.

"ஆள் வச்சிருக்காங்கப்பா."

"அதான் கேட்டேன்" என்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தனியாக இருக்கலாமா கூடாதா என்று முடிவு சொல்வது சின்னவளின் பிரிவு. அதற்கு ஒரு சோதனை உண்டு. நோயாளி அந்த எரிகிற அடுப்பில் ஒரு ஆளுக்கு ஒரு டீ போட வேண்டும். சோதிப்பவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டும். உதவக் கூடாது, பேசக் கூடாது, முகத்தில்கூட எதையும் காட்டக் கூடாது. நெருப்புப் பிடித்தால் மட்டும் தலையிடலாம். முகத்தில் காட்டாமல் இருப்பது சின்னவளுக்குப் பிறவியிலேயே வந்தது. சின்ன வயதில் வீட்டில் எந்தக் கண்ணாடி உடைந்தாலும் அடி பெரியவளுக்குத்தான் விழும்.

முதல் சோதனையன்று பெரியவளும் அந்த அறையில் இருந்தாள். ஒற்றைக் கையால் மாட்டிக்கொள்ளும்படி ஒரு ஏப்ரன் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதை மாஸ்டருக்கு மாட்டிப் பார்த்துவிட்டு, கதவோரம் நின்றாள்.

"எத்தனை பேருக்கு?" என்றார் மாஸ்டர்.

"ஒருத்தருக்கு" என்றாள் சின்னவள்.

"ஒருத்தருக்கா?"

"ஆமா மாஸ்டர்."

"மத்தவங்க எல்லாம் என்ன பாவம் பண்ணாங்க?"

அதற்குப் பதில் சொல்வது விதிப்படி கூடாது. சின்னவள் சுவரோரம் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். இருந்த மூன்று பாத்திரங்களில் பெரியதை எடுத்தார். கழுத்து வரை தண்ணீர் பிடித்தார். தூளைப் பிடிப்பிடியாக அள்ளிப் போட்டார். கரண்டியால் ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் விட்டு நக்கினார், பால் ஊற்றினார், நிறத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பாமலே, கணீரென்று, "ஆச்சு!" என்றார்.

அதன் பிறகு ஒரு தம்ளரில் மொண்டுகொண்டு, மேஜைக்கு வந்து, உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தார். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. மிச்ச டீ கொதித்துப் பொங்கி, சுண்டி, ஓரத்தில் கருக ஆரம்பித்தது. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பொறுக்க வேண்டிய நேரம் வரை பொறுத்துவிட்டுச் சின்னவள் போய் அணைத்தாள்.

பாவம், தனக்குத் தானே பேசுகிறார் மனுஷன் என்று பெரியவளுக்குத் தோன்றியது. சின்னவளும் தாளில் அதைத்தான் எழுதினாள். அளவு தெரியவில்லை. தனக்குத் தானே பேசுகிறார். அடுப்பை அணைக்கவில்லை. மூன்றும் தேறாததற்கான காரணங்கள். மிச்சம் இருந்த டீயைப் பக்கத்து அறைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள், அருமையாக இருந்ததாம். அதை எழுதத் தாளில் இடம் இல்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி வைத்தார்கள். அதே பெரிய பாத்திரம், அதே "ஆச்சு!", அதே நெருப்பு. இந்த முறை பக்கத்து அறைக்காரர்கள் தம்ளரோடு தயாராக வந்து நின்றார்கள்.

அன்று சாயந்திரம் சின்னவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் மிஷினில் ஒரு திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் ஏறிக்கொண்டிருந்தது. சத்தத்தை வைத்தே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. மிதியிலிருந்து காலை எடுக்காமல், "பால்!" என்றாள்.

சின்னவள் எழுந்து போனாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாசனை வந்தது.

"அடியே, பாலுடீ!"

பெரியவள் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து பார்த்தாள். பால் பொங்கி வழிந்து, அடுப்பெல்லாம் நுரைத்துக்கொண்டிருந்தது. சின்னவள் எதிர்ச் சுவரோரம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் இல்லாமல் நின்றிருந்தாள்.

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

"தெரியுது."

"தெரிஞ்சுமா மரம் மாதிரி நிக்கிறே?"

"நீ என்ன சொன்னே அக்கா?"

"பால்னேன்."

"பால்னா?"

"பால்னா அணைன்னு அர்த்தம். இத்தனை வருஷமா அதுதானே அர்த்தம்? இன்னைக்குப் புதுசா அகராதியா வாங்கித் தரணும்?"

"அப்ப நீ தேறலே" என்றாள் சின்னவள். "சத்தம் போட்டுப் பேசறாங்க, அடுப்பை அணைக்கலே. இல்லத்துக்கு அனுப்பிடலாம்."

பெரியவள் கரண்டியை ஓங்கினாள். சின்னவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டாள். அடுப்பைத் துடைக்க வேறு ஆள் இல்லாததால் பெரியவளே துடைத்தாள்.

வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்துகொண்டிருந்தது. சின்னவள் மாஸ்டரின் கட்டிலோரம் மூச்சு வாங்க நின்றாள். அங்கே நடந்த பேச்சைப் பிறகு எத்தனையோ தடவை அவள் நடித்துக் காட்டியிருக்கிறாள், ஒரு சொல்கூட மாறியதில்லை.

"மாஸ்டர், மெஸ்ல அடுப்பை யாரு அணைப்பாங்க?"

"அடுப்புக்காரன்."

"நீங்க?"

"நான் எதுக்கு அணைக்கணும்? நான் 'ஆச்சு'ம்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அடுத்த அண்டா." மாஸ்டர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ரெண்டு தடவையா நானும் 'ஆச்சு, ஆச்சு'ங்கிறேன், நீ சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறே. புது ஆளு போல, போகப்போகப் பழகிக்கும்னு விட்டுட்டேன். யாருகிட்டேயும் உன்னைப் பத்திப் புகார் சொல்லலே பாப்பா. பயப்படாதே."

மறுநாள் காலை முதல் வேலையாகச் சின்னவள் தன் தலைவியிடம் போனாள். அவரை எல்லோரும் சீஃப் மேடம் என்பார்கள். அந்தப் பிரிவைத் திரைக்குப் பின்னால் ஒற்றை ஆளாக ஆரம்பித்தவர் அவர்தான். சின்னவள் சொன்னதை முழுக்கக் கேட்டார், ஒரு தடவை சிரிக்கவும் செய்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"பழக்கத்தால எரிஞ்சாலும் மூளையால எரிஞ்சாலும் வீடு ஒரே மாதிரிதாம்மா எரியும்."

"பழக்கம்னா மாத்தலாம் மேடம். மூளைன்னா மாறாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க. தினம் காலையில ஒருத்தருக்கு டீ போட வைக்கிறேன். இங்க அடுப்புக்காரன் கிடையாது, அணைக்கிறது உங்க வேலைன்னு சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை அவர் வீட்லயே வச்சுப் பாத்துடலாம்."

"சொல்லிட்டா அது துப்புக் கொடுத்த மாதிரி ஆயிடும். துப்புக் கொடுத்துத் தேறின பேப்பர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்தப் பிரிவில் இரண்டு வருஷப் பயிற்சி முடியாதவர்கள் எழுதலாம், கையெழுத்துப் போட முடியாது. சின்னவள் அதுவரை எழுதிய எல்லாத் தாளிலும் கீழே இருந்தது சீஃப் மேடத்தின் பெயர்தான்.

"அப்ப நான் போடறேன் மேடம்."

"உனக்கு அதிகாரம் இல்லை."

"நீங்க கொடுத்தா உண்டு."

சீஃப் மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். கொடுக்கிறேன் என்றார். ஆனால் பேப்பரில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும், அந்த வீட்டில் என்ன ஆனாலும் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள், பயிற்சியில் இருக்கிற ஆளை வீட்டுக்கு அனுப்ப விசாரணைகூட வேண்டாம், தெரிந்துகொள் என்றார். அங்கிருந்து சின்னவள் வார்டு டாக்டரிடம் போனாள். டாக்டர் ஒரே சமயத்தில் இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமையா? ஏம்மா, இது என்ன லாட்ஜா? நடையில மூணு பேரு ஸ்ட்ரெச்சர்ல கிடக்கிறாங்க." ஒரு போனை வைத்தார். "சரி, வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தக் கட்டில் காலியா இருக்கணும். வீட்டுக்குப் போறாரோ, இல்லத்துக்குப் போறாரோ, சந்திரனுக்குப் போறாரோ."

பெரியவளுக்கு இதெல்லாம் சாப்பாட்டு வேளையில் தெரியவந்தது. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கையெழுத்துப் போடாதே" என்றாள்.

"ஏன்?"

"பயிற்சி முடியற நேரம்டீ. அவங்க பெரியவங்க, அவங்களே போட மாட்டேங்கிறாங்க. உனக்கு எதுக்கு வம்பு? மனுஷன் இல்லத்துக்குத்தான் போகட்டுமே, டி.வி. எல்லாம் இருக்காம்."

"அந்தாளு என்னக்கா தப்புப் பண்ணினாரு?"

"அடுப்பை அணைக்கலே."

"நீயுந்தான் அணைக்கலே. உனக்கும் ஒரு கட்டில் சொல்லி வைக்கட்டுமா?"

"எனக்கு வயசாகலே" என்றாள் பெரியவள்.

அந்தக் காலைகளில் பெரியவள் ஏதாவது சாக்கில் பயிற்சி அறைப் பக்கம் போய்வந்தாள். திரைக்கு வளையம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். சரியாக இருந்த வளையங்களை மறுபடி பார்த்தாள். உள்ளே சின்னவள் சின்னப் பாத்திரத்தை மாஸ்டர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, சொட்டு மருந்து காய்ச்சறதா?"

"ஒருத்தருக்குப் போதும் மாஸ்டர்."

"ஒருத்தருக்குச் சமைக்கிறது சமையலா? அது பத்தியம்."

முதல் காலையில் "ஆச்சு!" என்று சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார், அவள் சுவரைப் பார்த்தாள், "அட, நான்தானா" என்று போய் அணைத்தார். அடுத்த காலையில் மறந்தேவிட்டார். பெரியவள் அன்று மூன்று தலையணை உறைகளைத் தலைகீழாகத் தைத்தாள். அதற்கடுத்த நாள் அணைத்துவிட்டு "ஆச்சு" என்றார், வரிசை மாறியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் பட்டுக்கொண்டார். இதை வைத்து ஒரு முடிவும் சொல்ல முடியாது என்று சின்னவளே ஒப்புக்கொண்டாள். இடது பக்கம் இருக்கிற பொருள் அவர் கண்ணில் படாமல் போவதும் உண்டு. தலையைத் திருப்பித் தேடச் சொல்லிப் பழக்கினாள். திருப்புவார், கூடவே "என்னை டிராஃபிக் போலீஸ் ஆக்கிட்டே" என்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வண்டியில் மாஸ்டர், மகன், சின்னவள் மூவரும் கிளம்பினார்கள். பெரியவளும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மாஸ்டரின் கைத்தடியில் தொங்கவிட ஒரு பை தைக்க வேண்டும், அளவு எடுக்க வேண்டும் என்றாள். அளவெடுக்க வேண்டிய கைத்தடி அத்தனை நாளும் ஆஸ்பத்திரியிலேயே இருந்ததை யாரும் சொல்லவில்லை.

வீடு ஒரு பெயின்ட் கடைக்குப் பின்னால், தரைத்தளத்தில் இருந்தது. குறுகலான சமையலறை. நுழைந்ததும் மாஸ்டர் தயங்கி நின்றார்.

"என்னாச்சுப்பா?" என்றார் மகன்.

"தூள் டப்பா எங்கடா இருக்கும்?"

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அந்த அடுப்பில் அவர் ஒரு நாளும் சமைத்ததில்லை. வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவருடைய கொள்கை. வீட்டில் எல்லாம் அம்மாதான் என்றார் மகன். சின்னவள் சுவரோரம் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்களும்" என்று மற்ற இருவரையும் பார்த்துச் சொன்னாள். "வாயையும் சேர்த்து." மகனும் பெரியவளும் அவள் பக்கத்தில் வரிசையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பள்ளியில் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் மாதிரி இருந்தது.

மாஸ்டர் வலப்பக்க அலமாரி முழுக்கத் தேடினார். டப்பா இடப்பக்கம் இருந்தது. பெரியவளின் கண் தானாக அங்கே போனது. சின்னவள் முழங்கையால் ஓர் இடி கொடுத்தாள். மாஸ்டர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாகத் தலையை இடது பக்கம் திருப்பினார், இன்னும் திருப்பினார், டப்பாவைக் கண்டுபிடித்தார். சின்னப் பாத்திரத்தை எடுத்தார். ஒரு தம்ளரால் தண்ணீரை அளந்தார். அளக்கும்போது முகத்தில் அவமானம் தெரிந்தது. அடுப்பைப் பற்றவைத்தார். தூள், பால், சர்க்கரை. நிறத்தைப் பார்த்தார்.

"ஆச்சு!"

பாத்திரத்தைப் பிடித்து இறக்கினார், தம்ளரில் ஊற்றினார். தடியை ஊன்றிக்கொள்ள ஒரே கைதான் என்பதால் தம்ளரை மேடை ஓரமாகத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், மேஜைக்கு மாற்றி, உட்கார்ந்தார். அடுப்பு வெறுமனே எரிந்துகொண்டிருந்தது. நீலச் சுடர், சீரான சத்தம்.

ஒரு வாய் குடித்தார்.

பெரியவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பற்களால் கடித்துக்கொண்டாள். ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், மனுஷன் வீட்டிலேயே இருப்பார். சொன்னால் சின்னவள் அந்தச் சொல்லின் மேல் கையெழுத்துப் போட்டவளாவாள். மகன் கண்களை மூடிக்கொண்டுவிட்டார். சின்னவள் முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் பின்னால் கட்டியிருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்ததைப் பக்கத்தில் நின்ற பெரியவள் பார்த்தாள். கண்ணாடி உடைத்த நாளில்கூட அவள் விரல்கள் அப்படி இருந்ததில்லை.

மாஸ்டர் இன்னொரு வாய் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தார். இடது பக்கம் திரும்பினார். அடுப்பைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

"மூணு பேரு நிக்கிறீங்க" என்றார். "ஒருத்தருக்கும் கை இல்லே."

தடியை ஊன்றி எழுந்தார். நாற்காலி இடித்தது, நின்று சரிசெய்துகொண்டார். அடுப்படிக்கு நடந்து போய்த் திருகை மூடினார். சிலிண்டர் வால்வையும் குனிந்து மூடினார், அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. திரும்பி வந்து, ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

மகன் மூச்சு விட்டார். "அவ்வளவுதானே மேடம்?"

"இல்லை" என்றாள் சின்னவள். "மாஸ்டர், இன்னொரு தடவை."

"இன்னொரு ஒருத்தருக்கா?"

"ஆமா."

அவர் போட்டார். இந்த முறை இறக்குவதற்கு முன்பே கை திருகுக்குப் போனது, பிறகுதான் பாத்திரத்துக்கு. "ஆச்சு" என்றது யார் காதிலும் விழாத குரலில். மூன்றாவது தடவையும் போடச் சொன்னாள். நடுவில் மகனைக் கூப்பிட்டு, வாசலில் நின்று போனில் அப்பாவோடு பேச வைத்தாள். பேசிக்கொண்டே அணைத்தார், அணைத்துவிட்டு, "வைடா, வேலையா இருக்கேன்" என்றார். போட்ட டீயையெல்லாம் பெரியவள்தான் குடிக்க வேண்டியிருந்தது.

சின்னவள் மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். தனியாக வீட்டில் இருக்கலாம். சுடர் அணைந்தால் கேஸ் தானாக நிற்கும் அடுப்பை மகன் ஊருக்குப் போகும் முன் மாற்றித் தர வேண்டும். அதுவரை சமையல் இல்லை, தெருமுனைக் கடை. முதல் மாதம் வாரம் ஒரு தடவை வந்து பார்க்கப்படும். எழுதியதை மாஸ்டருக்குப் படித்துக் காட்டினாள். கடைசி வரிக்கு மட்டும் அவர் மறுப்புச் சொன்னார்.

"வந்து பாக்கறதுன்னா சும்மா நிக்கக் கூடாது. கையைப் பின்னால கட்டினா வாசலோட அனுப்பிடுவேன்."

"அது வேலை மாஸ்டர்."

"என்ன வேலையோ."

வார்டிலிருந்து போன் வந்தது. கட்டில் என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்டார். காலியாயிடுச்சு சார் என்றாள் சின்னவள். பேப்பர் யார் கையெழுத்து, சீஃப் போட்டாச்சா என்று கேட்டார். அவள் போனை வைத்தாள். பேனா எழுதவில்லை, உதறினாள். பெரியவளுக்கு இப்போதும், இந்த நிமிஷத்திலும், வேண்டாம் என்று சொல்லத்தான் தோன்றியது. சொல்லவில்லை. தன் பையிலிருந்து வேறு பேனாவை எடுத்து நீட்டினாள்.

அந்த வீடு இன்றுவரை எரியவில்லை. மாஸ்டருக்கு ஒருத்தருக்கு மட்டும் சமைக்கப் பிடிக்கவேயில்லை, பெயின்ட் கடைக்காரர்களுக்கும் சேர்த்தே போடுகிறார், அது வேறு விஷயம். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. தாளின் அடியில் சீஃப் மேடத்தின் பெயர் வழக்கமாக வரும் கோட்டின் மேல், சின்னவள் அப்பாவின் முதலெழுத்தோடு தன் முழுப் பெயரையும் அவசரப்படாமல் எழுதினாள். பக்கத்தில் தேதி போட்டாள்: 2015 அக்டோபர் 16, வெள்ளிக்கிழமை.